உள்பக்கத் தாழ்ப்பாள்

சான் ரமோன்
பிப்ரவரி 2, 2025

ஹம்சா அக்காவுக்கு,

நீயும் அத்திம்பேரும் சௌக்கியம் என்று அம்மா போனில் சொன்னாள். அதனால் தனியாக விசாரிக்கவில்லை.

நான்கு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானம் பேச அல்ல, வேலை விஷயம். வீடுகளை மாற்றியமைப்பது உன் தொழில். எங்கள் வீட்டை ரீமாடல் செய்யப் போகிறோம். வெளி ஆள் ஒருவரிடம் போயிருப்பேன், ஆனால் வெளி ஆள் நேராக க்ரிஷிடம்தான் பேசுவார். அதனால் உன்னிடம் வருகிறேன்.

கீழ்த்தளம் முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது. வாசல் கதவைத் திறந்தால் அடுப்பு தெரியும், அடுப்படியில் நின்றால் மாடிப்படி தெரியும். முன்பக்கம் ஒரே ஒரு டைனிங் ரூம் மட்டும் மூன்று சுவரோடு இருக்கிறது. அந்தச் சுவர்களையும் எடுத்துவிட்டால் வீடு இன்னும் விசாலமாக இருக்கும் என்பது க்ரிஷ் எண்ணம். எனக்கு நேர்மாறாக வேண்டும். நாலாவது சுவரும் வைத்து, கதவு போட்டு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

இதை நான் சொன்னால் நடக்காது. ஒரு டிசைனர் சொன்னால் அவர் கேட்பார். ஆகவே பிளான் உன் யோசனையாக இருக்கட்டும். நான் கேட்டதாக எங்கும் வரக் கூடாது.

போன் செய்யாதே. வாட்ஸாப்பும் ஈமெயிலும் வேண்டாம். கீழே இருப்பது என் சிநேகிதி ப்ரியம்வதாவின் விலாசம். அங்கே எழுது. மற்றவர்களிடம் என்ன வாங்குவாயோ அதையே என்னிடமும் வாங்கிக்கொள். பழைய கதை எதுவும் பேச வேண்டாம்.

அஞ்சனா


மான்மவுத் ஜங்ஷன்
பிப்ரவரி 11, 2025

அன்புத் தங்கை அஞ்சனாவுக்கு அக்கா ஹம்சாவின் ஆசீர்வாதம்.

பார்த்தாயா, நான் 'அன்பு' என்று எழுதிவிட்டேன். உன் பேனாவில் அந்த ஒரு வார்த்தைக்கு மை போதவில்லை போலிருக்கிறது. நான்கு தீபாவளிக்கு ஒரு மெசேஜ் கிடையாது. என் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு போன் கிடையாது. இப்போது வேலைக்காரிக்குச் சீட்டு எழுதுவது மாதிரி ஒரு கடிதம், அதுவும் யாரோ ஒருத்தி வீட்டு விலாசத்திலிருந்து. அக்கா கடிதம் உன் வீட்டு வாசல்படி ஏறினால் தீட்டா?

கடிதத்தை உங்கள் அத்திம்பேரிடம் காட்டினேன். "இந்தக் காலத்துல ஸ்டாம்ப் ஒட்டி யார் எழுதறா?" என்றார். "கோபம் இருக்கறவா எழுதுவா" என்றேன்.

பழைய கதை பேச வேண்டாம் என்கிறாய். நீ பேசாவிட்டால் நான் பேசுவேன், எனக்கும் வயிற்றெரிச்சல் இருக்கிறது. அன்றைக்கு நீ ஷ்ரேயாவையும் இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாய். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டாய், ஜன்னலைப் பார்த்தாய். நான் என்னத்தைப் புரிந்துகொள்வது? ஆமாம், மாப்பிள்ளைக்குப் போன் செய்தது நான்தான். அவர் குடிக்கிறவரா? கை நீட்டுகிறவரா? மறுநாள் காலை ஃப்ளைட்டில் வந்து, கூடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்கோ, உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டோம்" என்று சொல்லி அழைத்துப் போனார். நீ என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினாய். இதில் நான் செய்த குற்றம் என்ன என்று நான்கு வருஷமாக யோசிக்கிறேன்.

போகட்டும். வேலை விஷயம் என்றாயே, வேலை பேசுவோம்.

இந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கராஜில் இரண்டாவது அடுப்பு வைத்துக் கொடுத்தவள் நான். வற்றல் குழம்பு வாசனை சோபாவில் ஏறக் கூடாது, ஆனால் குழம்பும் வேண்டும் என்பார்கள். கேட்டதை அப்படியே வரைந்து கொடுக்கிற வழக்கம் என்னிடம் இல்லை. சௌகரியமான வீடு என்பது டைல் கடையில் கிடைக்காது. அந்த வீட்டில் யார், எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நான் கோடே போடுவேன். அதற்கு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. ஒழுங்காக நிரப்பி அனுப்பு. அது இல்லாமல் பென்சிலைத் தொட மாட்டேன், நீ தங்கையாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற நீல டேப் வாங்கி, உனக்கு வேண்டிய சுவர் எங்கே வருமோ அங்கே தரையில் ஒட்டு. கதவு திறக்கிற வளைவையும் ஒட்டு. ஒரு வாரம் அதைச் சுவர் என்று நினைத்தே நடமாடு. எங்கே இடிக்கிறது, எங்கே நன்றாக இருக்கிறது என்று எழுது.

டைனிங் ரூமுக்கு எதற்கடி உள்பக்கம் தாழ்ப்பாள்? சாம்பார் ஓடிப் போய்விடுமா?

உன் அக்கா
ஹம்சா


சான் ரமோன்
பிப்ரவரி 24, 2025

அக்காவுக்கு,

கேள்வித்தாளை நிரப்பியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் வரைய முடியாது என்பதால்தான் உண்மையை எழுதினேன். இந்தத் தாள் உன்னோடு இருக்கட்டும். வேறு யார் கையிலும் போகக் கூடாது.

*வீட்டில் வசிப்பவர்கள்:* மூன்று பேர். நான், க்ரிஷ், ஷ்ரேயா (வயது 11).

*காலையில் முதலில் எழுவது யார், முதலில் எங்கே போவார்?* நான். அடுப்படி. அங்கே மேல் மூலையில் ஒரு கேமரா இருக்கிறது, பேசவும் செய்யும். க்ரிஷ் ஆபீஸில் இருந்தபடி, "அஞ்சு, பால் பொங்கறது, எங்க போன?" என்பார்.

*தற்போதைய வீட்டில் உங்களுக்குப் பிடிக்காதது எது?* எங்கே நின்றாலும் தெரிகிறேன்.

*எந்தக் கதவுகள் சரியாக மூடவில்லை?* குளியலறைக் கதவு. மூடும், பூட்டாது. க்ரிஷ் தட்டியபோது நான் உடனே திறக்கவில்லை என்பதற்காகப் பூட்டைக் கழற்றினார். அது 2021 செப்டம்பரில். அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வந்தேன்.

*விருந்தாளிகள் வருவார்களா, எத்தனை பேர்?* இப்போது வருவதில்லை.

*இந்த வீட்டில் உங்களுக்கு மிகவும் சௌகரியமாக இருக்கும் இடம் எது?* கார். கராஜில், எஞ்சின் போடாமல். மளிகைப் பைகளை உடனே இறக்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன்.

மீதியைத் தாளில் பார்த்துக்கொள்.

டேப் ஒட்டினேன். டைனிங் ரூமின் திறந்த பக்கத்தில் ஒட்டி, ஒரு நாற்காலியும் போட்டேன். கோட்டுக்குள் உட்கார்ந்தேன். எதுவும் இடிக்கவில்லை. மூன்றாம் நாள் கேமராவிலிருந்து, "தரையில என்ன டேப்?" என்று குரல் வந்தது. எனக்கு முன்னால் ஷ்ரேயா பதில் சொன்னாள். "ஸ்கூல் ப்ராஜெக்ட்ப்பா, ஏரியா அண்ட் பெரிமீட்டர்." பொய் சொல்ல நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. சாயங்காலம் அவள் தானாக வந்து கோட்டுக்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கதவு வருகிற இடத்தில் நின்று, "நாக் நாக்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

சாம்பாரைப் பற்றிய நகைச்சுவைக்கு நன்றி. அதை ரசிக்கிற மனநிலையில் இல்லை.

அஞ்சனா


மான்மவுத் ஜங்ஷன்
மார்ச் 10, 2025

அன்புள்ள அஞ்சனாவுக்கு,

பிளான் தயார். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக வந்திருக்கிறது.

சுவர்களுக்குள் நுழைகிற ஸ்லைடிங் கதவு இப்போது எல்லோரும் கேட்பது. உனக்கு அதை நான் போடவில்லை. அதில் தாழ்ப்பாள் உறுதியாக நிற்காது, சத்தமும் கசியும். கீலில் திறக்கிற கனமான மரக் கதவு. புதுச் சுவரின் வெளிப்பக்கம் முழுக்க, கதவின் மேலும், புத்தக அலமாரி, ஆகவே கூடத்திலிருந்து பார்த்தால் அறை இருப்பதே தெரியாது, அலமாரிதான் தெரியும். வெளிச்சத்துக்கு முன்ஜன்னல் போதும். ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சு. உட்கார்ந்தால் முதுகு சுவரில் இருக்க வேண்டும், கண் ஜன்னலில் இருக்க வேண்டும். ஒருத்திக்குச் சௌகரியமாக இருக்க இவ்வளவு போதும் என்பது என் இருபது வருஷ அனுபவம். ஷ்ரேயாவுக்காகப் பெஞ்சின் பக்கத்தில் தாழ்வாக ஒரு எழுதுபலகை. அவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள் என்று படித்ததும் சேர்த்தேன்.

உன் பதில்களைப் படித்து எனக்கு வருத்தம் உண்டு. சௌகரியமான இடம் கார் என்று எழுதியிருக்கிறாய். யாரைக் குத்துவதற்கு இது? ஊரெல்லாம் ஆசைப்படுகிற வீடு. கேமரா எல்லோர் வீட்டிலும்தான் இருக்கிறது, என் வீட்டு வாசலிலும் இருக்கிறது. 'அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வந்தேன்' என்று ஒரு வரி. அந்த வரிக்கும் குளியலறைப் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்? பூட்டு ரிப்பேர் என்றால் மாற்றிக்கொண்டால் போயிற்று. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொள்வாய், எதிராளி வந்து கெஞ்ச வேண்டும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன ஒளிவு மறைவு வேலை எனக்குச் சரிப்படாது. வீடு இரண்டு பேருடையது. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அவர் வீட்டுச் சுவரைத் தொட்டால் நாளைக்கு நம் வீட்டுப் பெயர்தான் கெடும். ஆகவே பிளானை முதலில் அவருக்குத்தான் ஈமெயிலில் அனுப்பினேன். அதுதான் மரியாதை. என் வழக்கப்படி ஃபைலின் முதல் பக்கத்தில் கேள்வித்தாளும் இருக்கிறது. அதைப் படித்தால், பெண்டாட்டி மனதில் இவ்வளவு இருக்கிறதா என்று அவரே உட்கார்ந்து உன்னிடம் பேசுவார். சில ஆண்களுக்கு எழுத்தில் காட்டினால்தான் ஏறும்.

அவரைப் பற்றிக் குறை சொல்கிறாய், ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். ரொம்ப அக்கறையாகச் செய்திருக்கிறீர்கள், மிகவும் நன்றி, அஞ்சனாவிடம் பேசுகிறேன் என்று. எவ்வளவு தன்மை!

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், நாம் மறுபடி பேச்சு வார்த்தையில் இருக்கிறோம் என்று. சந்தோஷப்பட்டாள்.

அன்புடன்
ஹம்சா


சான் ரமோன்
மார்ச் 21, 2025

ஹம்சா,

அவர் பேசினார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் ஃபைலை பிரிண்ட் எடுத்து வந்தார். சாப்பாட்டு மேஜையில் என்னையும் ஷ்ரேயாவையும் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். கேள்வியை அவர் படிப்பார், பதிலை நான் படிக்க வேண்டும். குரல் உயரவே இல்லை. 'எங்கே நின்றாலும் தெரிகிறேன்' என்பதை மூன்று தடவை படிக்கச் சொன்னார், மூன்றாம் தடவை குழந்தையிடம், "உங்கம்மா தமிழ் நன்னா எழுதறா, இல்ல?" என்றார். ஷ்ரேயா "மே ஐ பி எக்ஸ்க்யூஸ்ட்?" என்று கேட்டாள். முடியட்டும் என்றார். பதினான்கு கேள்வி.

கார் என்ற பதிலுக்கு வந்தபோது காகிதத்தைக் கீழே வைத்தார். மறுநாள் கராஜில் ஒரு கேமரா மாட்டினார். கார் சாவி இப்போது அவரிடம். என்னை ஆபீஸில் அவரே இறக்கிவிட்டு அவரே அழைத்து வருகிறார். எவ்வளவு நல்ல கணவர் என்று என் மேனேஜர் சொல்கிறாள்.

டேப்பைப் பற்றி அந்தத் தாளில் எங்கும் இல்லை. ஆனால் பிளானில் அதே இடத்தில் நீ சுவர் வரைந்திருந்தாய், அவருக்குக் கணக்குப் போடத் தெரியும். ஷ்ரேயாவைக் கூப்பிட்டு, "என்ன ப்ராஜெக்ட், காட்டு" என்றார். அவள் அழுதாள். அவள் அறைக் கதவைக் கீலோடு கழற்றிக் கராஜில் சாத்தி வைத்திருக்கிறார், பொய் சொன்னதற்கு.

திங்கட்கிழமை ஆட்கள் வந்து டைனிங் ரூமின் மூன்று சுவரையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வீடு மிகவும் விசாலமாக இருக்கிறது.

2021-ல் நான் உன் வீட்டில் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை என்று எழுதினாயே. என்ன கேட்டாய் நீ? "சாப்பிட்டியா, தூங்கினியா, எப்ப கிளம்பற?" இதுதான் நீ கேட்டது. என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று உனக்குப் பயம். பதில் வந்தால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், ஊருக்குச் சொல்ல வேண்டும், செருப்பை ஓரமாகக் கழற்றி வைக்கிற மாப்பிள்ளையைப் பற்றி நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை நானே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்தில். வேறு யார் கையிலும் போகக் கூடாது என்றும் எழுதினேன். நீ அதை அவரிடம் கொடுத்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தாய்.

இரண்டு தடவை என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். மூன்றாவது தடவைக்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை. இனி எழுதாதே. நான் என்ன செய்கிறேன், எங்கே போகிறேன் என்று உனக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு நல்லது.

அஞ்சனா


மான்மவுத் ஜங்ஷன்
ஏப்ரல் 6, 2025

அஞ்சனாவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் போடு.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். நான் என்ன மந்திரவாதியா, நீ சொல்லாததைத் தெரிந்துகொள்ள, என்று உங்கள் அத்திம்பேரிடம் கத்தினேன். அவர் கேள்வித்தாளின் நகலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "சொல்லியிருக்காளே, ஹம்சா" என்றார். நான்கு வருஷத்தில் அவர் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுபடி படித்தேன். பூட்டைக் கழற்றினார், அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வந்தேன். மார்ச் மாதம் இதே வரியைப் படித்துவிட்டு உனக்குப் பூட்டு ரிப்பேரைப் பற்றிப் புத்தி சொல்லியிருக்கிறேன். 'இந்தத் தாள் உன்னோடு இருக்கட்டும்' என்றதையும் படித்துவிட்டுத்தான் அனுப்பினேன். கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மாப்பிள்ளையிடம் நமக்கு என்ன மறைவு என்று நினைத்தேன். அப்படித்தான் நம் வீட்டில் வளர்ந்தோம், கல்யாணமான பெண்ணைப் பற்றிய எதுவும் முதலில் மாப்பிள்ளை காதுக்குப் போக வேண்டும். முந்நூறு வீடுகளுக்குச் சுவர் எங்கே வேண்டும் என்று சொன்னவளுக்கு என் தங்கை ஏன் ஒரு சுவர் கேட்கிறாள் என்று புரியவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "கொஞ்சம் அனுசரிச்சுண்டு போகச் சொல்லு, பெண் குழந்தை இருக்கு" என்றாள். நான் அம்மாவிடம் அப்படிக் கத்தியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. கத்திவிட்டு வைத்த பிறகுதான் தோன்றியது, அம்மா சொன்னது முழுக்க நான் உனக்குச் சொன்னதுதான்.

இப்போது கேட்கிறேன். ரொம்பத் தாமதம் என்று தெரியும். அன்றைக்கு என்ன நடந்தது, அஞ்சு? எவ்வளவு பக்கம் ஆனாலும் எழுது. நீ சொல்லாவிட்டாலும், உன்னையும் குழந்தையையும் வந்து அழைத்து வர நான் தயார்.

ஹம்சா


மான்மவுத் ஜங்ஷன்
மே 18, 2025

அஞ்சுவுக்கு,

பதில் இல்லை. ப்ரியம்வதாவாவது இதைப் பிரித்துப் படித்து, இந்தப் பொம்பளை இன்னும் விடவில்லையே என்று உன்னிடம் சொல்லட்டும்.

நேற்றுக் காலை க்ரிஷ் போன் செய்தார். முன்னால் எப்படிப் பேசுவாரோ அதே தன்மை. "அஞ்சனா வியாழக்கிழமையிலேர்ந்து வீட்டுல இல்ல. குழந்தையையும் கூட்டிண்டு போயிருக்கா. கொஞ்சம் டிப்ரெஷன் மாதிரி. அங்கதான் வருவா. வந்தா எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்கோ, போன தடவை மாதிரி" என்றார்.

போன தடவை மாதிரி. அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

நான் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "வந்தா சொல்ல மாட்டேன். வரலேன்னாலும் சொல்ல மாட்டேன். இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்கோ" என்றேன். "ஹம்சா, நீங்க எமோஷனலா இருக்கேள்" என்றார். "ஆமா, இருக்கேன். குழந்தை அறைக் கதவைத் திருப்பி மாட்டினேளா?" என்று கேட்டேன். வைத்துவிட்டார். எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினேன். என் வீட்டில், எனக்கு எந்த ஆபத்தும் இல்லாத சோபாவில் உட்கார்ந்து பேசியதற்கே கதவைப் பூட்டத் தோன்றியது. நீ பதினான்கு கேள்விக்கு அங்கே உட்கார்ந்திருந்தாய்.

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதுதான் உனக்கு நல்லது என்று எழுதியிருந்தாய், சரிதான்.

ஒரு விஷயம் மட்டும். என் ஆபீஸ் அறையைக் காலி செய்துவிட்டேன், கீழ்த்தளத்தில் பக்கவாட்டுக் கதவை ஒட்டி இருக்கிறதே அது. டைல் மாதிரிகளையெல்லாம் பேஸ்மெண்டுக்குத் தள்ளியாயிற்று. உன் பிளானில் வரைந்த அதே கனமான கதவு, அதே பெஞ்சு, அதே தாழ்வான எழுதுபலகை. தாழ்ப்பாளை அத்திம்பேரே மாட்டினார். கொஞ்சம் கோணல், கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத்தான் போட வேண்டியிருக்கிறது, ஆனால் விழும். பக்கவாட்டுக் கதவின் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டிய அவசியம் இல்லை. வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டால் நாங்கள் தட்ட மாட்டோம்.

உன்
அக்கா


ஆகஸ்ட் 30, 2025

அக்காவுக்கு,

ஊர் பெயர் எழுதவில்லை. தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காதே. ப்ரியம்வதா வேறு ஊரிலிருந்து போடுவாள்.

உன் கடிதங்கள் வந்தன, மூன்று மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்வாய் என்பதாலேயே பதில் போடவில்லை. மன்னிக்கவில்லை. உன் மேல் இருக்கிற கோபம் க்ரிஷ் மேல் இருப்பதைவிட அதிகம் என்று சில நாள் தோன்றுகிறது. அவரிடமிருந்து நான் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாய். இப்போது எழுத எனக்கு இஷ்டமில்லை. அது அப்போது கேட்க வேண்டிய கேள்வி.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். அறையை நீ சும்மா வைத்திருக்க வேண்டாம், டைல்களைத் திரும்பக் கொண்டு வந்து வை. நான் என்றைக்காவது வந்தால் வாசல் பக்கம் வந்து பெல் அடிப்பேன். நீயே வந்து திறக்க வேண்டும். திறந்துவிட்டு உள்ளே போய்ப் போனை எடுக்கிறாயா என்று நான் நின்று பார்க்க வேண்டும்.

உன் கேள்வித்தாளின் வெற்று நகல் ஒன்று என் பையில் கிடந்தது. இந்த வீடு வாடகைக்கு எடுத்தது, இதில் இடிக்கவோ கட்டவோ ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஷ்ரேயா அதைப் பார்த்துவிட்டு, "ஃபில் இட் அவுட், அம்மா" என்றாள். நிரப்பினேன். இந்தத் தடவை யார் படித்தாலும் எனக்குப் பரவாயில்லை.

*வீட்டில் வசிப்பவர்கள்:* நான். கோர்ட் சொன்னபடி வாரத்தில் ஐந்து நாள் ஷ்ரேயாவும், மீதி இரண்டு நாள் அவள் அப்பாவிடம். இந்த விலாசத்தை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கோர்ட் சொல்லியிருக்கிறது.

*காலையில் முதலில் எழுவது யார், முதலில் எங்கே போவார்?* நான். எங்கேயும் போவதில்லை, படுத்துக் கிடக்கிறேன். இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

*தற்போதைய வீட்டில் உங்களுக்குப் பிடிக்காதது எது?* மேல் வீட்டுக்காரர்கள் நாற்காலியை இழுக்கிற சத்தம். அடுப்படியில் இரண்டு பேர் நிற்க முடியாது. வெளிச்சம் மதியத்துக்கு மேல்தான்.

*விருந்தாளிகள் வருவார்களா, எத்தனை பேர்?* ப்ரியம்வதா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நாற்காலி இரண்டுதான், ஷ்ரேயா தரையில் உட்காருவாள். இன்னொரு நாற்காலி வாங்குவது பற்றி யோசிக்கவில்லை.

*மேஜை நாற்காலிகள் எப்படிப் போடப்பட்டுள்ளன?* முதுகு சுவரில், கண் ஜன்னலில். இது நீ சொன்னது, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

*எந்தக் கதவுகள் சரியாக மூடவில்லை?* எல்லாம் மூடுகின்றன.

*இந்த வீட்டில் உங்களுக்கு மிகவும் சௌகரியமாக இருக்கும் இடம் எது?* எனக்கு இன்னும் தெரியவில்லை. ஷ்ரேயாவுக்குக் குளியலறை. வந்த முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். அப்புறம் நாற்பது நிமிஷம் சத்தமே இல்லை. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். தட்டவில்லை.

அஞ்சனா